பதினெட்டு சுவிட்சுகள்

பக்கிரிசாமி, அப்பாவின் உடலுக்கு மாலை போட்டுவிட்டு, மண்டபத்துச் சாவியைக் கேட்டார்.

கேட்ட முறையில் குறை சொல்ல முடியாது. சவப்பெட்டியின் முன்னால் ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். அதன் பிறகே காஞ்சனாவின் பக்கம் குனிந்து, துக்க வீடுகளுக்கென்றே வைத்திருக்கும் குரலில் சொன்னார்: "மூனு மணிக்கு லோரி வருதும்மா. பழைய இரும்புக்காரன். போன மாசமே பேசி வச்சது. இன்னைக்கு விட்டா அடுத்த மாசந்தாங்கிறான்."

"அப்பாவ ஒன்றரைக்குத்தான் எடுக்குறோம், தலைவரே."

"அதான் லா சொல்றேன். அது முடிஞ்சு, இது."

காஞ்சனாவின் அப்பா குழந்தைவேலு முந்தின நாள் காலை கோலா கெத்தில் ஊர்ச் சந்தையில் பயற்றங்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது இறந்தார். பேரம் படியவில்லை. கடைக்காரர் பயற்றங்காயை இலவசமாகவே கொடுத்தனுப்பியிருந்தார்; அது இன்னும் சமையலறையில் செய்தித்தாளில் சுற்றியபடி கிடந்தது. ஐம்பத்தாறு வயது. பகலில் தொழிற்சாலைக் காவலாளி. மாலையில், தோட்டக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு. வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் மண்டபத்தில் பதினெட்டுக் கணினிகள். சுங்கை பட்டாணி நகரில் ஒரு தொழிற்சாலை தூக்கிப் போட இருந்தவற்றை அப்பா கெஞ்சிக் கேட்டு வாங்கிவந்து பதினொரு ஆண்டுகளாக ஓட்டிக்கொண்டிருந்தார். மண்டபக் குழுவின் தலைவர் பக்கிரிசாமிக்கோ அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு அங்கே பூப்பந்து ஆட இடம் வேண்டும்.

"சாவி எங்கனு தேடித் தரேன், தலைவரே" என்றாள் காஞ்சனா. சாவி அவள் தலைக்கு மேல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கிரிசாமி வெளியே கூடாரத்துக்குப் போய் உட்கார்ந்தார். அங்கே யாரோ ஒருவர், "நம்ம ரிமோட் போயிட்டாரே, தலைவரே" என்று சொல்வதும், இரண்டு பேர் சிரிப்பை இருமலாக மாற்றுவதும் உள்ளே கேட்டது.

ரிமோட். தோட்டத்தில் அப்பாவுக்கு அதுதான் பெயர். இரங்கல் பதாகையில்கூட அச்சுக்கடைக்காரர் 'ரிமோட் வேலு' என்று போட்டுவிட்டு, கேட்டதற்கு, "அப்படித்தானேங்க எல்லாருக்கும் தெரியும்" என்றிருந்தார். காஞ்சனா அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தாள். தாள் மெல்லியது. வெயிலில் பெயர் நன்றாகவே தெரிந்தது.

பெயர் வந்த கதை நான்கு ஆண்டுப் பழையது. அப்பாவுக்கு வலது முழங்கால் மோட்டார் சைக்கிள் விபத்தில் கெட்டுப்போனது. கணினிப் பெட்டிகள் எல்லாம் மேசைக்கு அடியில் இருந்தன. தினமும் பதினெட்டு முறை குனிந்து, மண்டியிட்டு, பொத்தானை அழுத்த வேண்டும். அப்பா படித்துப் படித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரே கம்பியில் இணைந்திருக்கும் கணினிகளை இன்னொரு கணினியிலிருந்தே எழுப்பலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்துகொள்ளும். மண்டபத்திலிருந்து வீடுவரை நாற்பது மீட்டருக்கு நீலக் கம்பி இழுத்தார். தன் மடிக்கணினியில் ஒரு பொத்தான் செய்து, அதற்கு 'எழுப்பு' என்று பெயர் வைத்தார்.

பக்கிரிசாமி அதைத் தொடக்க விழாவாக்கினார். பெரிய மனிதர் ஒருவர் வந்தார். நாதஸ்வரம் வைத்தார்கள். காஞ்சனா சிவப்புச் சீராப் சர்பத் கொடுத்தாள். பெரிய மனிதர் பொத்தானை அழுத்தினார். பதினெட்டுத் திரைகளும் கறுப்பாகவே இருந்தன. மறுபடி அழுத்தினார். நாதஸ்வரக்காரர், தன் முறை வந்துவிட்டதாக நினைத்து வாசிக்கத் தொடங்கினார். சிரிப்பு முன்வரிசையில் ஆரம்பித்து, பின்வரிசைக்குப் போய், திரும்பி வந்தது.

"யாரு செஞ்ச வேல இது?" என்று பக்கிரிசாமி ஒலிபெருக்கியிலேயே கேட்டார்.

"எம் புரோகிராம்தான் தப்பு, தலைவரே" என்றார் அப்பா.

அன்று முதல் ரிமோட். மறுநாளிலிருந்து வழக்கம்போல் பதினெட்டு முறை குனிந்தார்.

காப்பி மேசையில் ரோனால்ட் அங்கிள் தனியாக நின்றிருந்தார். கோலா கெத்திலில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர்; அப்பாவின் ஒரே நண்பர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடும் கறுப்புச் சட்டையில் வந்திருந்தார். அழுதழுது அவர் கண்ணாடியில் பனி படிந்திருந்தது.

"பேனர்ல ஏம்மா வெள்ளத்தாளு?" என்றார்.

காஞ்சனா சொன்னாள்.

ரோனால்ட் குவளையை மேசையில் வைத்தார். கொஞ்சம் அதிகச் சத்தத்தோடுதான் வைத்தார். "ஒங்கப்பா எங்கிட்ட சத்தியம் வாங்குனாரு. செத்த மனுசன்கிட்ட செஞ்ச சத்தியம் எவ்ளோ நாளைக்குச் செல்லும்னு ஃபாதர்கிட்டதான் கேக்கணும்."

"என்ன சத்தியம், அங்கிள்?"

"அந்தப் புரோகிராம்ல ஒரு எழுத்துகூட தப்பில்ல. விழா முடிஞ்சு எல்லாரும் போனதும் நானும் அவரும் மேசைக்குப் பின்னால போய்ப் பாத்தோம். செவுத்துல பதினெட்டு பிளக்குச் சுவிட்சும் அடைச்சிருக்கு, எல்லாம் ஆஃப். கம்ப்யூட்டர் தூங்கும்போதும் ஒரு காது முழிச்சிருக்கணும்மா. அந்தக் காதுக்குக் கொஞ்சம் கரண்டு வேணும். செவுத்துல அடைச்சிட்டா செவிடு. நீ எவ்ளோ கூப்புட்டாலும் எந்திரிக்காது."

"யார் அடைச்சது?"

ரோனால்ட் வீட்டுக்குள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த காஞ்சனாவின் அம்மா பிரேமாவதியைப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே தன் செருப்பைப் பார்த்தார்.

காஞ்சனாவுக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குவது அம்மா. ஒருமுறை மின்னல் கம்பி வழியாக இறங்கி வீட்டுத் தொலைக்காட்சியையும் அடுத்த வீட்டு ஐஸ்பெட்டியையும் ஒன்றாகக் கொண்டுபோனது. அதிலிருந்து அம்மா எதையும் பிளக்கில் விட்டுவைப்பதில்லை. வகுப்பு முடிந்ததும் பதினெட்டுச் சுவிட்சையும் ஒவ்வொன்றாக அடைத்து, எண்ணிப் பார்த்து, பூட்டிவிட்டு வருவாள். விழாவன்று காலையிலும், விருந்தாளி வருமுன் சுத்தமாகப் பெருக்கி, சுத்தமாக அடைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"அப்பா ஏன் சொல்லல?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'அவ ஊரு முன்னால தல குனியணுமா? நான்தான் தெனமும் மேசைக்கடியில குனியறேனே, இன்னொரு தடவ குனிஞ்சா என்னா?'ங்கிறாரு."

"பிறகாவது, அம்மாகிட்ட மட்டும் சொல்லி, அடைக்க வேணாம்னு…"

"சொன்னா அவளுக்கு வெளங்கிடும்ங்கிறாரு."

நான்கு ஆண்டுகள். இரவில் அம்மா அப்பாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். 'ஒங்கள யாரு இந்த வயசுல குனியச் சொன்னா' என்று திட்டிக்கொண்டே தேய்ப்பாள். அப்பா காலை நீட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பார். காஞ்சனா பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியை நோண்டிக்கொண்டிருப்பாள்.

மணி பதினொன்றேகால். ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.

"அங்கிள், சுவிட்ச போட்டா போதுமா?"

"பத்தாது. ரொம்ப நேரம் அடைச்சுக் கெடந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் பொத்தான அமுக்கி ஒரு தடவ தொறந்து, செவுத்துச் சுவிட்சத் தொடாம ஒழுங்கா அடைச்சு விடணும். பின்னால கம்பி சொருகுற எடத்துல பச்ச வெளக்கு மினுக்குச்சுனா காது தொறந்திருக்குனு அர்த்தம்." அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நான் கூடாரத்துல ஒக்காந்து தலைவர்கிட்டப் பேச்சுக் குடுக்குறேன். பூப்பந்தப் பத்திக் கேட்டா ஒன்றர வரைக்கும் நிறுத்த மாட்டாரு."

காஞ்சனா கல்லூரியில் சுற்றுலாத் துறை படிக்கிறாள். கணினியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், வேலை செய்யாவிட்டால் அப்பாவைக் கூப்பிட வேண்டும் என்பதுதான். மண்டபத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முதல் மேசைக்கடியில் மண்டியிட்டாள். சுவிட்சைப் போட்டாள். பொத்தானை அழுத்தினாள். மின்விசிறி முனகியது. திரை வரும்வரை காத்திருந்து, கணினியை மட்டும் முறையாக அடைத்து, பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். பச்சை மினுக்கியது. ஒன்று.

நான்காவதில் ஒரு பல்லி. ஏழாவதில் தலையை இடித்துக்கொண்டாள். ஒன்பதாவதில் அவளுடைய இருபத்திரண்டு வயது முழங்கால்கள் எரிந்தன. ஒவ்வொரு மேசையின் வலது காலிலும் ஓரடி உயரத்தில் சாயம் தேய்ந்து, மரம் வழவழப்பாக இருந்ததை அவள் பதினொன்றாவதில்தான் கவனித்தாள். எழுந்திருக்க அப்பா கைகொடுத்துப் பிடிக்கும் இடம். அவளும் அதையே பிடித்துத்தான் எழுந்தாள்.

வெளியே மருதம்மாள் அத்தையின் ஒப்பாரி உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்பாவின் அக்கா. காலையிலிருந்து அவள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "எந்திரிச்சு வரமாட்டியா, என் தம்பி."

பதினெட்டாவதன் பச்சை விளக்கு மினுக்கியபோது வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். பாவாடையில் தூசியோடு ஓடினாள். யாரும் கேட்கவில்லை. அழுது புரண்டிருப்பாள் என்று நினைத்திருப்பார்கள்.

அரிசி போட்டுவிட்டு அப்பாவின் அறைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தாள். நீலக் கம்பி சொருகியே இருந்தது. பதினெட்டு எண்கள், அவற்றுக்குக் கீழே அந்த ஒரே பொத்தான். மடிக்கணினியைச் சன்னல் கட்டையில் வைத்தாள். அங்கிருந்து மண்டபத்தின் சன்னல் வரிசை முழுவதும் தெரியும். ஒன்று பத்து.

அப்போது மெர்போக் ஊர்ப் பக்கமிருந்து இடி உருண்டது.

பெட்டியின் தலைமாட்டில் நேற்றிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். கூடாரத்தைத் தாண்டி நேராக மண்டபத்தை நோக்கி நடந்தாள். எங்கே போகிறாள் என்று பெண்கள் பார்த்தார்கள். துக்கம் தலைக்கேறிவிட்டது என்று ஒருத்தி முடிவுசெய்தாள்.

காஞ்சனா பின்வாசல் வழியாக ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் விரல் முதல் சுவிட்சின் மேல் இருந்தது.

"அம்மா, அடைக்காதீங்க."

"இடி இடிக்குது. யாரு இதெல்லாம் தொறந்து விட்டது? அப்பா பாத்தாருனா…"

அம்மா நிறுத்திக்கொண்டாள்.

"இன்னைக்கு மட்டும் விடுங்கம்மா. அப்பாதான் சொன்னாரு."

நல்ல பொய் இல்லை. வேறு தயாராகவும் இல்லை. அம்மா சுவரோரமாகப் பார்த்தாள். பதினெட்டுச் சுவிட்சிலும் சிவப்புப் பொட்டு தெரிந்தது. மேசைகளுக்குப் பின்னால் பச்சை விளக்குகள் மினுக்கின. பதினொரு ஆண்டாகக் கூட்டிப் பெருக்கியும் அந்தப் பச்சையை அவள் பார்த்ததே இல்லை. அவள் அடைத்த பிறகு அது இருந்ததில்லை.

"கரண்டு இருந்தாத்தான் இது எந்திரிக்குமா?"

காஞ்சனா தன் பாவாடைத் தூசியைத் தட்டினாள்.

"அன்னைக்கும்?"

தூசி போகவில்லை. மேலும் தட்டினாள்.

இடி இன்னொரு முறை உருண்டது, முன்பைவிடக் கிட்டே. அம்மாவின் விரல் சுவிட்சை விட்டு எழவில்லை, அழுத்தவும் இல்லை. பிறகு, இரவுதோறும் எண்ணெய் தேய்த்த அந்தக் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். வேறு யாராவது பார்த்திருந்தால் மூக்கைத் துடைக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"எத்தன மணிக்கு எடுக்குறாங்க?" என்றாள்.

"ஒன்றரைக்கு."

"வா. தலைய வாரிக்கிறேன்."

தப்பு மேளம் தொடங்கியது. கூடாரம் வழியை அடைத்திருந்ததால் பிண வண்டி சாலையிலேயே நின்றது. பெட்டியை மண்டபத்தின் ஓரமாக நாற்பது மீட்டர் தூக்கிப் போக வேண்டும். ஆறு பேர் தூக்கினார்கள். மண்டபத்து வாசலுக்கு நேரே வந்தபோது பக்கிரிசாமி கையைக் காட்டி நிறுத்தினார். மேளம் நின்றது. இரண்டு வார்த்தை பேசாமல் ஒருவரை அனுப்புவது அவருக்கு வழக்கமில்லை.

"நண்பர் குழந்தைவேலு," என்று தொடங்கினார், "இந்த மண்டபத்துக்கு நெறைய செய்யணும்னு ஆசப்பட்டாரு. எல்லாம் நடக்கல. நடக்காட்டியும் ஆச பெருசு. கம்ப்யூட்டர் விசயத்துல அவரு கனவு…"

யாரோ செருமினார்கள். இன்னொருவர், "ரிமோட்டு" என்று மூச்சுவிடுவதுபோல் சொன்னார்.

அப்பாவின் அறைச் சன்னலில் காஞ்சனா பொத்தானை அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வினாடி. இரண்டு. பக்கிரிசாமி கனவைப் பற்றி மேலும் ஒரு வாக்கியம் சொன்னார்.

மண்டபத்துக்குள் ஏதோ ஒன்று 'பீப்' என்றது.

பிறகு இன்னொன்று. மின்விசிறிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூச்செடுத்தன. முதல் சன்னல் கண்ணாடியில் நீல வெளிச்சம் விழுந்தது, அடுத்து இரண்டாவதில், மூன்றாவதில், அந்தக் கடைசிவரை. இடிமேகம் இருட்டிக் கொடுத்திருந்ததால் வெளிச்சம் நன்றாகவே எடுபட்டது.

மருதம்மாள் அத்தை ஒப்பாரியை அப்படியே நிறுத்தினாள். காலையிலிருந்து எழுந்து வரச்சொல்லிக் கேட்டவள் அவள்தான். அதிகம் பயந்தவளும் அவள்தான். "ஐயய்யோ, எந்திரிச்சிருச்சுடி!" என்று பக்கத்தில் நின்றவளைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டம் மண்டபத்து வாசலுக்கு நகர்ந்தது. பெட்டியைத் தூக்கியவர்களும் அப்பாவோடு நகர்ந்தார்கள். அவர்களுக்கும் பார்க்க வேண்டும். உள்ளே யாரும் இல்லை. ரோனால்ட் ஒவ்வொரு திரையாகக் கைநீட்டிச் சத்தமாக எண்ணத் தொடங்கினார். நான்கைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். பத்தைத் தாண்டியபோது எல்லோரும் எண்ணினார்கள். "பதினஞ்சு! பதினாறு! பதினேழு!"

மூலையில் ஒன்று கறுப்பாகவே இருந்தது.

பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர் தோள் மாற்றினார். காஞ்சனா சன்னலில் எக்கி நின்று பார்த்தாள். எந்த மேசை என்று அங்கிருந்து தெரியவில்லை. பல்லி இருந்த மேசையாக இருக்கக்கூடாது என்று மட்டும் நினைத்தாள்.

பிறகு, வயதானவர்கள் தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம். கடைசித் திரை வெளுத்தது.

"பதினெட்டு!"

தப்பு அடிப்பவர்களில் இளையவன் யாரும் சொல்லாமலேயே ஓங்கி ஒரு அடி போட்டான். யாரோ கைதட்டினார்கள். சாவு வீட்டில் கைதட்டலாமா என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தலைவர்கூட இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார்.

"எங்கேர்ந்து தொறந்தது இது?" என்றார் பக்கிரிசாமி.

"வீட்டுலேர்ந்து, தலைவரே" என்றார் ரோனால்ட். "அவரு செஞ்ச அதே பொத்தான். ஒரு எழுத்துகூட மாத்தல."

"அப்ப அன்னைக்கு ஏன் எந்திரிக்கல? அத்தன பேரு முன்னால? யாரு செஞ்ச வேல அது?"

நான்கு ஆண்டுக்கு முன் ஒலிபெருக்கியில் கேட்ட அதே குரல். காஞ்சனா சன்னலிலிருந்து கத்துவதற்கு வாயைத் திறந்தாள். மின்னல், எலி, மின்வாரியம், எதையாவது.

"நான்தான்."

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பெட்டியின் பக்கத்தில் நின்றாள். தலையை அழுந்த வாரியிருந்தாள்.

"சுவிட்செல்லாம் நான்தான் அடைச்சேன், தலைவரே. இது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் எம்பேரச் சொல்லல." சந்தையில் விலை சொல்வதுபோல் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "இப்ப நான் சொல்றேன். எம்புருசன் செஞ்சது சரி."

பக்கிரிசாமிக்குப் பேச்சு வரவில்லை. அவர் தலைவரானதிலிருந்து இது முதல்முறை என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள்.

"அக்கா அடைச்சதும் சரிதான்" என்றார் ரோனால்ட். "நம்ம ஊரு மின்னலுக்கு என் கடைக்கு வருசா வருசம் எத்தன மெஷின் கருகி வருது தெரியுமா? இந்தப் பதினெட்டுல ஒன்னு போனதில்ல. பழசுதான். ஆனா ஒன்னுகூடப் போனதில்ல. அக்கா தெனமும் அடைச்சாங்க, அண்ணன் தெனமும் தொறந்தாரு. ரெண்டு பேரும் சேந்துதான் காப்பாத்தி வச்சிருக்காங்க."

பதாகையின் பக்கத்தில் நின்ற ஒருவர், வெள்ளைத்தாள் லேசாகக் கிளம்பியிருந்த இடத்தைக் கையால் அழுத்தி ஒட்டினார். முதலில் செருமியவர் அவர்தான்.

பக்கிரிசாமி கைப்பேசியை எடுத்துக்கொண்டு கூடாரத்தின் மூலைக்குப் போனார். பழைய இரும்புக்காரரிடம் மலாயும் தமிழுமாகப் பேசினார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் ஒலிபெருக்கிக்குப் பழகிய தொண்டை. "போஸ், தக் ஜாடி லா. லோரி வேணாம். செமுவா ஹிடுப்… ஆமா லா, எல்லாம் உசுரோட இருக்கு. நானே பாத்தேன்."

மேளம் மறுபடி தொடங்கியது. இந்தமுறை அடி வேகமாக இருந்தது. பெட்டியைத் தூக்கியவர்கள் நிமிர்ந்து நடந்தார்கள். சாலையில் வண்டியின் பின்கதவைத் திறந்து அப்பாவை ஏற்றினார்கள். ஆண்கள் கார்களுக்குப் போனார்கள். பெண்கள் வழக்கப்படி வேலிவரை வந்து நின்றார்கள். அதற்கு மேல் போவதில்லை. வீட்டைக் கழுவிவிட வேண்டும். வாளிகள் ஏற்கெனவே குழாயடியில் வரிசையாக இருந்தன.

மழையின் முதல் சொட்டுகள் வண்டியின் கூரையில் விழுந்தன.

அம்மா வேலியில் நிற்கவில்லை. வண்டியைச் சுற்றிப்போய் முன்பக்கத்துக் கதவைத் திறந்து ஓட்டுநரின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். மருதம்மாள் அத்தை, "ஏய் பிரேமா, பொம்பளைங்க…" என்று தொடங்கி, சுற்றிலும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

ஓட்டுநர் பக்கிரிசாமியைப் பார்த்தார். பக்கிரிசாமி மழை எவ்வளவு வரும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா இருக்கை வாரை இழுத்துக் குறுக்கே போட்டு மாட்டினாள். சேலையின் மடிப்பு அதில் சிக்கியிருந்தது. எடுத்து, சரிசெய்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தாள்.

"போலாம், தம்பி" என்றாள்.